எறும்புக் கடியும் இரும்புக் குளிசையும்

“ஒண்டுமில்ல புள்ள, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இரிக்கும்.” பிள்ளை தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப் போடுவதைப் பற்றி எங்கள் பக்கம் யாரிடம் கேட்டாலும் இந்த எறும்பு வந்துவிடும். மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ் சொல்வார், கிளினிக்கில் பக்கத்தில் இருக்கும் அக்கா சொல்வார், இருபது வருசத்துக்கு முதல் போட்டுக் கழட்டின மாமியும் அதையே சொல்வார். எனக்கு இந்த வசனத்தின் மேல் ஒரு கோபம் கனநாளாக இருக்கிறது. வலித்தது என்பதற்காக இல்லை. வலிக்கும் என்று எனக்கும் தெரியும், இரண்டு பிள்ளைக்கு வயிறு கிழிபட்டவளுக்கு வலி புதுசா? எல்லாரும் அந்த ஐந்து நிமிசத்தைப் பற்றியே கதைக்கிறார்கள், அது வலிக்கும், வலிக்காது என்றே வாக்குவாதம் போகிறது, ஆனால் அதற்குப் பிறகு வருகிற மாதங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் கொடுத்த விலை முழுக்க அந்த மாதங்களில்தான் இருந்தது.

இலங்கையின் கிழக்கில், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் இருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வருகிற ஒரு ஆசிரியை நான். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மூன்றாவது வேண்டாம் என்பதில் எனக்கும் என் மனிசனுக்கும் ஒரு சொல் வித்தியாசமும் இல்லை. எப்படி வேண்டாம் என்பதில்தான் எல்லாம். சீசருக்குக் கொண்டுபோகும்போதே எல்ஆர்டி, அதாவது கருக்குழாயைக் கட்டி வெட்டிவிடுகிற சத்திரசிகிச்சை, செய்வமா என்று கேட்டார்கள். பிறகு மனம் மாறினால் திருப்ப முடியாத ஒரு முடிவை, முதுகில் ஊசி ஏற்றக் குனிந்து இருக்கிற நேரத்தில் எடுக்க எனக்கு விருப்பம் இல்லை. மிதுரி என்கிற கருத்தடைக் குளிசை தினமும் போடவேண்டும், நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கலப்பு ஹோர்மோன் குளிசையை முதல் ஆறு மாதம் பால் கொடுக்கிறவர்களுக்கு வேண்டாம் என்பார்கள். அதோடு காலையில் சோறு கட்டி, பிள்ளையை அம்மாவிடம் கொடுத்து, சேலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற எனக்குக் குளிசை ஞாபகம் வரும் என்று நானே நம்பவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் போடுகிற டிப்போ ஊசியால் என் அக்கா ஒருத்தி உடம்பு வைத்து, அதை நிற்பாட்டின பிறகும் பீரியட்ஸ் ஒழுங்காக வர ஒரு வருசத்துக்குக் கிட்ட எடுத்தது. கையில் தோலுக்குக் கீழே வைக்கிற ஜடேல், இரண்டு மெல்லிய குச்சி, ஐந்து வருசம் இருக்கும். அதுவும் ஹோர்மோன்தான், அதிலும் சிலருக்குத் துளித்துளியாகப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் மிஞ்சியது லூப்.

காகிதத்தில் பார்த்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ‘டி’ எழுத்து மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக், அதன் தண்டில் செப்புக் கம்பி சுற்றியிருக்கும், கைகளில் செப்பு வளையம். பத்து வருசம் வேலை செய்யும். ஹோர்மோன் இல்லை, பாலுக்கு ஒன்றும் செய்யாது, சுகாதார வைத்திய அதிகாரியின் எம்ஓஎச் கிளினிக்கில் காசு இல்லை. நூறு பெண்கள் ஒரு வருசம் வைத்திருந்தால் ஒருத்திக்குக் கூட முழுசாகக் கர்ப்பம் தங்காது. ஆணுறை என்றால், வழமையாக எல்லாரும் பாவிக்கிற கவனத்தோடு, அது பதின்மூன்று பேர். இந்த வித்தியாசம் இங்கே சின்ன விசயம் இல்லை, ஏனென்றால் தப்பித்தவறித் தங்கிவிட்டால் இந்த நாட்டில் அடுத்த கதவு கிடையாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றைக்கும் ஆளுகிறது, தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் ஒழியக் கருக்கலைப்புக் குற்றம். வெளிநாட்டுப் பெண்கள் எழுதுவதை வாசித்தால், லூப் சரிவரவில்லை, கழட்டிவிட்டு வேறு ஏதாவது பார்ப்போம் என்று இலகுவாக எழுதுவார்கள். எங்களுடைய கணக்கில் அந்த வேறு ஏதாவது பிழைத்துப்போனால் என்ன என்ற கேள்வி எப்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

சரி, அந்த ஐந்து நிமிசத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லாமல் விடுவதால். முதலில் ஸ்பெகுலத்தை வைத்து விரிப்பார்கள், அது குளிர், அசௌகரியம், அவ்வளவுதான். பிறகு கர்ப்பப்பையின் வாய் அசையாமல் இருக்க ஒரு இடுக்கியால் பிடிப்பார்கள், அதன் நுனியில் கொக்கி இருக்கும். அதில்தான் முதல் சுளீர். அடுத்து ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் அளப்பார்கள், சாதாரணமாக ஆறில் இருந்து ஒன்பது சென்டிமீட்டர். அந்தக் கம்பி உள்ளே போனபோது என் முழங்கால் இரண்டும் தன்பாட்டில் மேலே வந்தன. நான் தூக்கவில்லை, அது தானாக வந்தது. “கால விடுங்க புள்ள, மூச்ச இழுத்து விடுங்க” என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி திரிபோஷா சத்துமா வந்திருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் தெளிவாகக் கேட்டது. மூன்றாவது, குழாய் வழியாக லூப் உள்ளே போய்க் கைகளை விரித்தபோது, பிரசவ நோவின் ஒரு துண்டு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். காது அடைத்து, நெற்றி வேர்த்து, கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. கர்ப்பப்பை வாயைச் சீண்டும்போது சிலருக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், அதுதான் நடந்திருக்கிறது. கொஞ்ச நேரம் படுத்திருந்தால் சரியாகிவிடும். எனக்கும் சரியாகியது. ஒரு பிளேன்டீ தந்தார்கள், அந்தத் தேத்தண்ணிக்கு இன்றைக்கும் நன்றி.

என் மச்சாளுக்கும் அதே கிளினிக்கில்தான் போட்டது. அவள் இறங்கி, செருப்பைப் போட்டு, போகிற வழியில் மீன் வாங்கிக்கொண்டு போனவள். அவள் பொய் சொல்லவில்லை, நானும் கூட்டிச் சொல்லவில்லை. அவளுக்கு மூன்றும் சுகப்பிரசவம், கர்ப்பப்பை வாய் ஏற்கெனவே திறந்து பழகினது. எனக்கு இரண்டும் நாள் குறித்துச் செய்த சீசர், நோவு வர முதலே வெட்டி எடுத்தது, அந்த வாய் ஒருநாளும் விரிந்ததே இல்லை. பிரசவ நோவு காணாதவர்களுக்குப் போடும்போது வலி கூட இருக்கும் என்பது வைத்தியத்தில் தெரிந்த விசயம். அதை ஒரு வரி யாராவது முதலே சொல்லியிருந்தால் நான் பயந்து ஓடியிருக்கமாட்டேன், கூட ஒரு ஆளைக் கூட்டிப் போயிருப்பேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், போடுவதற்கு முதல் வலியைப் பற்றி ஒவ்வொரு பெண்ணோடும் கதைக்கவேண்டும், விறைக்கப்பண்ணும் லிடோகேய்ன் மருந்து உதவக்கூடும் என்று எழுதினார்கள். பல்லுப் பிடுங்க விறைப்பூசி போடுகிறோம், இதற்குக் கிடையாது என்பது அங்கேயே இவ்வளவு பிந்தித்தான் உறைத்திருக்கிறது என்றால், எங்கள் எம்ஓஎச் மிஸ்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அந்த வலிக்காக மட்டும் என்றால், பத்து வருச நிம்மதிக்கு அதை இன்னொருமுறையும் தாங்குவேன்.

யாரும் கேட்காத கேள்வி

எனக்குப் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் இருந்தே பீரியட்ஸ் கூட. முதல் இரண்டு நாள் இரவில் இரண்டு பேட் வைத்துப் படுக்கிற ஆள். அது எனக்கு வழமை, அதனால் அதைச் சொல்லவேண்டிய ஒரு விசயமாகவே நான் நினைக்கவில்லை. கிளினிக்கில் எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு எத்தனை மாசம், கடைசியாகப் பீரியட்ஸ் வந்த திகதி என்ன, வெள்ளைபடுகிறதா, எல்லாம் கேட்டு எழுதினார்கள். எவ்வளவு போகும் என்று கேட்கவில்லை. செப்பு லூப் மாதவிடாயைக் கூட்டும். கர்ப்பப்பைக்குள் செப்பு கரைந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, விந்தணுவை முட்டை வரைக்கும் போகவிடாமல் முடக்கும், அதுதான் அதன் வேலை. அந்தச் செப்பும் அந்நியப் பொருளும் சேர்ந்து கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒரு அழற்சியை உண்டாக்குவதால் இரத்தமும் நோவும் கூடும். முக்கியமாக முதல் மூன்றில் இருந்து ஆறு மாதம். பலருக்குப் பிறகு தணிந்துவிடும். கொஞ்சமாகப் போகிறவளுக்குக் கொஞ்சம் கூடினால் அது தெரியாது. ஏற்கெனவே இரண்டு பேட் வைத்துப் படுக்கிறவளுக்கு?

எனக்குத் தெரிந்தது. முந்தி ஐந்து நாளில் முடிகிறது பத்து நாள் இழுத்தது. நான் சேலை கட்டித்தான் பாடசாலைக்குப் போவேன், ஆறு யார் துணி, அதற்குள் ஒரு உள்பாவாடை, அதற்குள் நான். நாற்பது நிமிசப் பாடத்தில் முப்பதாவது நிமிசத்தில் ஒரு வெதுவெதுப்பு இறங்கும் பாருங்கள், அதற்குப் பிறகு பலகைக்குத் திரும்பி எழுத மனம் வராது. பிள்ளைகளை எழும்பி வந்து எழுதச் சொல்வேன். அந்தத் தவணை முழுக்க என் வகுப்பில் பிள்ளைகள்தான் பலகையில் எழுதினார்கள், அதிபர் அதைப் பார்த்துவிட்டு மாணவர் மையக் கற்பித்தல் என்று பாராட்டினார். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் இருக்கமாட்டேன். கறுப்பு, கடும்நீலம், அரக்கு, இந்த மூன்று நிறத்தைத் தவிர வேறு சேலை அலுமாரியை விட்டு இறங்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பேட் என்ன விலை விற்றது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலவசமாகப் போட்ட லூப் மாசம் மாசம் பாமசியில் பில் போட்டது.

பிறகு கோயில். எங்கள் ஊருக்கு வைகாசி என்றால் கண்ணகை அம்மன். கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, வழக்குரை படித்து, குளிர்த்தியோடு முடிகிற அந்த நாட்களில் வெளியூரில் இருக்கிறவர்கள் கூட வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்த வருசம் எனக்கு நின்றுவிட்டது என்று நினைத்துத் தலையில் தண்ணி வார்த்து, அடுத்த நாள் காலையில் திரும்பவும் பட்டது. நின்றதா நிற்கவில்லையா என்று தெரியாமல் ஒரு கிழமை. துடக்கில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய நம்பிக்கை இல்லை என்று வாதாடக்கூடிய ஆள்தான் நான், ஆனால் குளிர்த்தி அன்றைக்கு ஊரே போய் நிற்க வீட்டில் தனியாக இருந்து ஒலிபெருக்கியில் குரவை கேட்பது வாதத்தால் ஆறுகிற விசயம் இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் நிந்தவூரில் இருந்து வருகிற டீச்சர் ஒருவர், அவவும் லூப் போட்டவ, ஒருநாள் மெல்ல என் காதுக்குள் சொன்னா: “நோன்பு மாசத்தில எனக்குக் கழா கூடிட்டே போகுது டீச்சர். இது ஹைளா இல்லாட்டி வேற இரத்தமா எண்டு பிரிச்சு எண்ணியே எனக்குத் தலை சுத்துது.” கழா என்றால் விடுபட்டுப் பிறகு பிடிக்கவேண்டிய நோன்பு, ஹைள் என்றால் மாதவிடாய். இரண்டு பேரும் சிரித்தோம். பக்கவிளைவுகள் என்று துண்டுப்பிரசுரத்தில் போடும்போது ‘இரத்தப்போக்கு சற்று அதிகரிக்கலாம்’ என்று ஒரு வரி போடுவார்கள். அந்தச் ‘சற்று’க்குள் ஒரு பெண்ணின் சம்பளம், சேலை, கோயில், நோன்பு எல்லாம் அடங்கிவிட்டது.

மிஸ் ஏன் எறும்பைச் சொல்கிறார்

இதைக் கொஞ்சநாள் யோசித்தபிறகு எனக்கு மிஸ்ஸின் பக்கமும் விளங்கத் தொடங்கியது. லூப்பைப் பற்றி எங்கள் ஊரில் உலவுகிற கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அது நெஞ்சுக்கு ஏறிவிடும், பிள்ளையின் தலையில் ஒட்டிக்கொண்டு பிறக்கும், கணவனுக்குக் குத்தும், புற்றுநோய் வரும். கணவனுக்குக் குத்தும் என்பதில் மட்டும் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது, நூலைக் கட்டையாக வெட்டிவிட்டால் முனை படும். மற்றதெல்லாம் கதை. கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு வெளியே போவது நடக்கும், ஆயிரத்தில் ஒருத்திக்கு, பெரும்பாலும் போடுகிற நேரத்தில், பால் கொடுக்கிற காலத்தில் போட்டால் அந்த ஆபத்து கொஞ்சம் கூட. தானாகக் கழன்று வெளியே வந்துவிடுவது அதைவிடச் சாதாரணம், முதல் வருசத்தில் நூறில் இரண்டு தொடக்கம் பத்துப் பேருக்கு. அதனால்தான் நாலு ஆறு கிழமையில் வந்து காட்டச் சொல்வதும், நூல் இருக்கிறதா என்று விரலால் பார்த்துக்கொள்ளச் சொல்வதும்.

இந்தக் கதைகள் ஆகாயத்தில் இருந்து விழவில்லை. 1970களில் அமெரிக்காவில் டல்கன் ஷீல்ட் என்று ஒரு லூப் வந்தது. அதன் நூல் பல இழைகளைச் சேர்த்து முறுக்கினது, அந்த இழைகளுக்கு நடுவால் கிருமி ஏறிக் கர்ப்பப்பை வரைக்கும் போனது. எத்தனையோ பேருக்குக் கடும் தொற்று, மலட்டுத்தன்மை, மரணங்களும் கூட. 1974இல் விற்பனையை நிற்பாட்டினார்கள், வழக்குகளின் பாரம் தாங்காமல் அந்தக் கம்பனி 1985இல் வங்குரோத்துக் கேட்டது. இப்போது வருகிற லூப்பின் நூல் ஒற்றை இழை. ஆனால் பயம் ஒற்றை இழையாக வருவதில்லை. கிறீன்லாந்தில் 1960களின் கடைசியில் டென்மார்க் அரசின் வைத்தியர்கள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் பள்ளிச் சிறுமிகளுக்கும் லூப் போட்டார்கள், பலருக்குச் சொல்லாமலே. அதற்கு 2025இல்தான் டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். தூரத்துக் கதை என்று விடவும் முடியாது. 2018 பெப்ரவரிக் கடைசியில் எங்கள் அம்பாறை நகரத்திலேயே, சாப்பாட்டில் கருத்தடைக் குளிசை கலந்து கொடுக்கிறார்கள் என்று கிளப்பி ஒரு முஸ்லிம் கடையை அடித்து நொறுக்கி, பள்ளிவாசலிலும் கை வைத்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பார்த்து, அது வெறும் மாவுக் கட்டி என்றது. சாப்பாட்டில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற குளிசை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் கருத்தடை என்ற சொல்லை எந்த மிட்வைப் எந்த வாசலில் நின்று சொன்னாலும், அதைக் கேட்கிற காதில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்படிப்பட்ட வாசல்களில் ஏறி இறங்குகிற மிஸ், வலிக்கும், இரத்தம் கூடும் என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பிள்ளை திரும்பி வராது, அடுத்த வருசம் நாலாவது பிள்ளையோடு இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு கிராமுக்கு இறங்கி வந்து நிற்கும் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயம். அவர்கள் கண்டது எனக்குத் தெரியாது. ஆனால் எறும்பைச் சொல்லி அனுப்பின பிள்ளை முழங்கால் நடுங்க வீட்டுக்குப் போனால், அவள் மாமியிடம் என்ன சொல்வாள்? இதைப் பொய் சொன்னவர்கள் மற்றதையும் பொய்தான் சொல்லியிருப்பார்கள் என்றுதானே? நெஞ்சுக்கு ஏறுகிற கதைக்கு உரம் போடுவது இந்த எறும்புதான் என்பது என் எண்ணம்.

ஒன்பதுக்குக் கீழே

மாதங்கள் போக எனக்கு மேல் மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. தலைமயிர் சீப்போடு வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நித்திரையாகி விடுவேன், இது பிள்ளை வளர்க்கிற களை என்று அம்மா சொன்னா, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தனியார் இடத்தில் டொக்டரிடம் காட்டினேன். லூப் போட்டதில் இருந்து கூடப் போகிறது, கழட்டுவமா என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல் “அது பழகிடும், இப்ப கழட்டினா மறுகா அடுத்த பிள்ளையோடதான் வருவீங்க” என்றார். எழுதித் தந்தது விற்றமின். எவ்வளவு போகிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன், அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் எங்கள் மிட்வைப் மிஸ் என் முகத்தைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு எழுதி, இரத்தம் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே இருந்தது. பிள்ளை வயிற்றில் இல்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேண்டும். எனக்குச் சீசர் முடிந்து வீட்டுக்கு வரும்போதே இதைவிடக் கூட இருந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கிளினிக் வாங்கில் இருந்தபோது எனக்குக் கவலை வரவில்லை, சரியான கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் நான் வாயால் சொன்னது எதுவும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. அம்மாவுக்குக் களை, டொக்டருக்குப் பழகிடும், மனிசனுக்கு “இரும்புக் குளிசை ஏதும் குடியுமன்”. இப்போது ஒரு மெசின் ஒரு எண்ணை அடித்துத் தந்தவுடன் எல்லாரும் நம்பிவிட்டார்கள். அம்மா அன்றைக்கே ஈரல் வாங்க ஆள் அனுப்பினா.

மிஸ் என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் வைத்துக் கதைத்தார். “புள்ள, கழட்டச் சொன்னா இப்பவே கழட்டுவன், ஒருத்தர்கிட்டயும் கேட்கத் தேவல்ல. இல்ல, வெச்சிக்கிட்டுப் பார்ப்பம் எண்டாலும் பார்க்கலாம்.” பிறகு வடிவாக விளக்கினார். பீரியட்ஸ் வருகிற நாட்களில் மெஃபனமிக் அசிட் ஒழுங்காகப் போட்டால் நோவும் குறையும், இரத்தமும் ஓரளவு குறையும். அதிலும் கூட என்றால் டிரனெக்சாமிக் அசிட் டொக்டர் எழுதித் தருவார். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்காமல், தேசிக்காய்த் தண்ணியோடு குடிக்கவேண்டும். இன்னும் ஒரு வழி, ஹோர்மோன் உள்ள லூப். அது கர்ப்பப்பைச் சுவரை மெலிதாக்குவதால் இரத்தத்தைக் குறைக்கும், என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பொருத்தம், ஆனால் அது கிளினிக்கில் இல்லை, தனியாரிடம் காசு கட்டித்தான். விலையைக் கேட்டபோது அந்த மாசத்துச் சீட்டுக்காசு, பால்மா, பஸ் எல்லாம் கண்ணுக்குள் வந்துபோனது. இந்த முழுக் கதையையும் அவர் பத்து நிமிசத்தில் சொல்லி முடித்தார். போடுவதற்கு முதலும் அதே பத்து நிமிசம்தான் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நிறுவைக்கு ஒரு பெரிய வரிசை நின்றது.

நான் கழட்டச் சொன்னேன். இதைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த முடிவைச் சொல்லும்போது கேட்கிற முகங்களில் ஒரு தோல்வியைப் பார்க்கிற பாவம் வருகிறது. வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்பதும் நல்ல வழிதான், அந்த மருந்துகளோடு ஆறு மாசம் தாண்டியிருந்தால் எனக்கும் அடங்கியிருக்கலாம். ஆனால் என் உடம்பில் இரத்தம் ஏறவேண்டிய நேரத்தில் அதை மாசம் மாசம் இறைத்துக்கொண்டிருக்கிற ஒன்றை வைத்திருப்பது, ஓட்டைக் குடத்தைக் கிணத்தடியில் வைத்து நிரப்புகிற வேலை. கழட்டுவது நூலைப் பிடித்து ஒரு இழுவை, “இருமுங்க” என்றார், இருமினேன், முடிந்தது. இதுதான் உண்மையான எறும்புக் கடி. மிஸ் அதை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் காட்டினார். செம்பு மங்கிக் கறுத்துப்போய், தலைமுடிக் கிளிப் அளவில் இருந்தது. இவ்வளவு சின்னதா என்று எனக்கு ஒரு மாதிரியாகப் போனது.

பிறகு கணக்கு மனிசன் பக்கம் திரும்பியது. கழட்டின அன்றைக்கே கர்ப்பம் தங்கும் வாய்ப்புத் திரும்பிவிடும் என்று மிஸ் சொல்லித்தான் அனுப்பினார். இரத்தம் ஏறும் வரைக்கும் என் உடம்பில் ஒன்றும் இல்லை, உங்கள் முறை என்றேன். மனிசன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஊருக்குள் இருக்கிற பாமசியில் வாங்க வெட்கப்பட்டுக் கல்முனையில் போய் ப்ரீத்தி ஆணுறை வாங்கிக்கொண்டு வந்தார், அதையும் பனடோல், சவர்க்காரம் எல்லாத்துக்கும் நடுவில் ஒளித்து. ஆண்களுக்குச் செய்கிற கருத்தடைச் சத்திரசிகிச்சை இருக்கிறதே, பெண்ணுக்குச் செய்வதைவிட இலகு, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்ற மோட்டார்சைக்கிளைத் துடைக்கவேண்டும் என்று எழும்பிப் போனார். அந்தக் கதை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு மாசமும் திகதி ஒருநாள் தள்ளினால் நான் கலண்டரைப் பார்க்கிற பார்வை அவருக்கு இப்போது விளங்குகிறது. ஆணுறைக் கணக்கில் நூறில் தங்கிவிடுகிற அந்தப் பதின்மூன்று பேரில் நானும் ஒருத்தியாகிவிடுவேனோ என்ற அந்தப் பயத்தையும் லூப்பின் நல்ல பக்கத்தில்தான் எழுதவேண்டும், அது இருந்த காலத்தில் எனக்கு இந்தப் பயம் ஒருநாளும் வந்ததில்லை.

பெறுமதியா என்று கேட்கிறவர்களுக்கு

இதை எல்லாம் அறிந்ததால் குடும்பத்துக்குள் பிள்ளை பெற்ற தங்கச்சிமார் என்னிடம் வந்து கேட்பார்கள். லூப் போடலாமா அக்கா, வலியைத் தாங்கலாமா? என் மச்சாள் ஒன்பது வருசமாக வைத்திருக்கிறாள், தலையிடி இல்லை, ஒரு ரூபாய் செலவு இல்லை. அவளுக்கு இது அதிர்ஷ்டம் இல்லை, அவளுடைய உடம்புக்கு அது பொருந்தியது. எனக்குப் பொருந்தவில்லை. அதனால் நான் போடு என்றும் சொல்வதில்லை, போடாதே என்றும் சொல்வதில்லை. முதல் கேட்பது, உனக்கு மாசம் எவ்வளவு போகும், இரவில் எழும்பி மாத்துகிறாயா? அப்படி என்றால் போடமுதல் இரத்தம் சோதி, கிளினிக்கில் இதை நீயாகச் சொல், அவர்கள் கேட்கும்வரை இருக்காதே. சீசர் மட்டும்தான் என்றால் கூட ஒருத்தரைக் கூட்டிப் போ, அன்றைக்கு லீவு போடு. மூன்று மாசம் கூடப் போகும், அது பயப்படவேண்டிய விசயம் இல்லை, ஆனால் பழகிடும் என்று யாராவது சொன்னால் அந்த நேரத்தில் இன்னொருமுறை இரத்தம் சோதித்துவிட்டுப் பழகு. காய்ச்சலோடு அடிவயிறு நொந்தாலோ, நாற்றமாக வெள்ளைபட்டாலோ, நாள் தள்ளிப்போனாலோ அன்றைக்கே ஓடு. கழட்டவேண்டும் என்று தோன்றினால் காரணம் காட்டத் தேவையில்லை, உன்னுடைய கர்ப்பப்பை.

போன வைகாசிக்குக் கிட்ட சித்தியின் மகள் ஒருத்தி இதெல்லாம் கேட்டுக்கொண்டு போய்ப் போட்டாள். இரண்டு நாள் கழித்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. “என்னக்கா நீங்க, இவ்வளவு பயங்காட்டிட்டீங்க! வலிச்சதுதான், ஆனா நீங்க சொன்னளவுக்கு இல்ல. நான் வீட்ட வந்து சமைச்சிட்டன்.” கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பேட் எத்தனை போகிறது என்று மூன்று மாசத்துக்கு எழுதி வை, மறக்காதே என்று பதில் அனுப்பினேன். ஓம் ஓம் என்றிருக்கிறாள், எழுத மாட்டாள்.